இரும்புக்குத் துரு இயற்கையா?

உயிருக்கு மலம் என்னும் மாசு உடன்பிறந்ததா, அல்லது இடையில் வந்து ஒட்டிக்கொண்டதா என்பது நம் நாட்டுச் சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்காக வாதித்து வந்த கேள்விகளுள் ஒன்று. உடன்பிறந்தது என்றால், இயற்கையாயுள்ள ஒன்றை நீக்குவது எங்ஙனம் என்ற ஆட்சேபம் எழும்; இடையில் வந்தது என்றால், தூய்மையாகவே இருந்த உயிரை அது ஏன் வந்து பற்றியது என்றும், ஒருமுறை நீங்கியபின் மறுபடி பற்றாது என்பதற்கு என்ன உறுதி என்றும் ஆட்சேபம் எழும். இரு பக்கத்து ஆட்சேபங்களும் வலியவை. இளமையில் சைவ சித்தாந்த வகுப்பில் செம்பையும் களிம்பையும் உவமையாகக் கேட்டு, உருப்போட்டு, தேர்வில் எழுதிவிட்டுப் பின்பு வெகுகாலம் அதைப் பற்றிச் சிந்தியாமலே இருந்துவிட்ட எனக்கு, அந்தக் கேள்வி உயிர்பெற்று எதிரே வந்து நின்றது பேரணாம்பட்டில், எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு பழைய அம்பாசிடர் காரின் அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த நாட்களில்.

பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லை மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர். தெற்கே ஆம்பூர், கிழக்கே குடியாத்தம், மேற்கே மலையேறிச் சென்றால் வி.கோட்டா. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் போல இதுவும் தோலால் வாழும் ஊர். தோலால் வாழும் ஊர் எதுவும் உப்பால் வாழும் ஊரே. உரித்த தோல் சில மணி நேரத்துக்குள் அழுகத் தொடங்கிவிடும் ஆதலால், அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பைத் தடவி அடுக்கினால்தான், அது சந்தையிலிருந்து தொழிற்சாலைத் தொட்டிக்கு வந்து சேரும்வரை கெடாமல் நிற்கும். என் சிற்றப்பா தோல் வாணிகம் செய்தவர். அந்த அம்பாசிடர் அவருடையதே. அதன் டிக்கியில் உப்பிட்ட ஆட்டுத்தோல்கள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து இறங்கியதைச் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காரைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டிட்டு நிறுத்துவார்கள். அதன் மேற்பூச்சு மங்கியதே இல்லை. அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் காலம் முடியும்வரை ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. தோலைக் காத்த உப்பு, அத்தோலைச் சுமந்த இரும்பைத் தின்றுகொண்டிருந்தது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் போதும். ஆயினும் உப்பு சேர்ந்தால் அவ்வேலை பன்மடங்கு விரைவுபெறும். துருவேறுதல் அடிப்படையில் ஒரு மின்சார விவகாரம். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது. அன்றியும், மழை இல்லாத வேளையிலும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆதலின், மழை நின்று வெகுநாளான பிறகும் தகடு உள்ளுக்குள் நனைந்தே இருக்கும்.

அம்பாசிடரின் அமைப்பை இங்கே சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை, தோற்றத்தில் பெரிய மாறுதல் ஏதுமின்றி அதைச் செய்துவந்தனர். சென்னையை அடுத்த வண்டலூரில் 1960களில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குச் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் தனியே உண்டு. மேலுடலை அதிலிருந்து கழற்றித் தனியே வைத்துவிட முடியும். அம்பாசிடருக்கு அந்தப் பிரிவு கிடையாது. அதன் தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டிபோல் ஓடும் பகுதிகளும், பின்புறத்துக் கமான் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள் பற்ற வைக்கப்பட்ட இடங்களும் ஒன்றாய்ச் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அதற்கு வெளியே வேறு எலும்பு இல்லை. ஆகவே அடித்தகட்டைத் துரு தின்கிறது என்றால் ஓர் ஆபரணம் கெடுகிறது என்று பொருளில்லை. நிலைநிற்கும் ஆற்றலே கெடுகிறது என்று பொருள். கதவுக்குக் கீழேயுள்ள அந்தப் பெட்டிகளில், உள்ளே புகும் நீர் வடிந்துபோகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். சேறு அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் அது ஒரு கொப்புளமாகத் தலைகாட்டும் நாளில் உள்ளே தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் எங்கள் தெருவிலுள்ள டிங்கர் வேலைக்காரர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். ஐம்பது ஆண்டுகளாகத் தகட்டோடு பழகிய பெரியவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரையும் படுக்க விடமாட்டார். நான்கு பக்கமும் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, உடல் பலத்தையெல்லாம் கொண்டு வண்டியை அசைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகலாம் என்பார். அடியில் கறுப்பாக, வழுவழுப்பாக, எந்தக் குறையும் இல்லாததுபோல் பரந்திருந்த தார்ப்பூச்சைக் கண்டு நான் ஆறுதலடைந்த வேளையில் அவர் தலையசைத்தார்.

"மேலே தாரு பூசி வெச்சிருக்காங்க சார். அதுக்குள்ளே என்னான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். சுத்தியலாலே மெல்லத் தட்டிக்கிட்டே வாங்க, தகடு பேசும்."

தகடு பேசியது. உரமுள்ள இடம் கணீரென்று ஒலித்தது. அழிந்த இடம் ஓசையின்றி அமுங்கியது. தாரைச் சுரண்டியபோது அதன் கீழே துரு ஏடு ஏடாக, மரப்பட்டை உரிவதுபோல் உதிர்ந்தது. எப்போதோ துருவின்மேலேயே பூசப்பட்ட தார் நாளடைவில் இறுகி வெடித்து, நுண்ணிய வெடிப்புகளின் வழியே நீரை உள்ளே விட்டு, வெளியேற மட்டும் விடாமல் வைத்திருந்தது. காப்பதற்கென்று இட்ட பூச்சே மறைப்பாகி, மறைப்பே கேட்டை வளர்த்திருந்தது. சைவ சித்தாந்த ஆசாரியர் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில், உயிரைப் பற்றிய மலமான ஆணவத்தை இருள்மலம் என்று வழங்கி, உலகத்து இருளுக்கும் அதற்கும் வேறுபாடு காட்டுவது அப்போது என் நினைவுக்கு வந்தது. உலகத்து இருள் பிற பொருள்களை மறைத்தாலும், இருள் இருக்கிறது என்பதையாவது நமக்குத் தெரியவிடுகிறது. ஆணவமோ பொருளையும் மறைத்து, தான் மறைக்கிறது என்பதையும் மறைத்துவிடும் என்பது அவர் கருத்து. இதைப் படித்த காலத்தில் சொல் நயத்துக்காக வியந்தேன். அதன் உண்மை எவ்வளவு கடுமையானது என்பது வழுவழுப்பான கறுப்புப் பூச்சின் கீழிருந்து தரைத்தகடு கையோடு பெயர்ந்து வந்த அன்றுதான் விளங்கியது.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்றவுடன் தத்துவம் பயின்றவர்கள் வேறொரு கேள்வியை எழுப்புவது வழக்கம்: ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், அது அதே வண்டிதானா? மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேன தேரர் ரதத்தைக் காட்டி, அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று அடுக்கிக் கேட்ட நாள் முதலாகவே அக்கேள்வி இருந்துவருகிறது. அது கூர்மையான கேள்விதான். ஆனால் வண்டியின் அடியில் படுத்திருப்பவனுக்கு அது அவ்வளவாகத் தோன்றுவதில்லை. எது வண்டி என்பது அவனுக்கு ஐயமில்லை. எது துரு, எது இரும்பு, இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதே ஒவ்வொரு விரற்கடையிலும் அவன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அந்த எல்லையைப் பற்றித்தான் மதங்கள் மாறுபடுகின்றன. சித்தம் இயல்பில் பிரகாசமுள்ளது, அழுக்குகள் ஆகந்துகமாக, அதாவது விருந்தாளிகளாக வந்து சேர்ந்தவை என்று பௌத்த சூத்திரங்கள் கூறும். ஆன்மா என்றும் சுத்தமானது, அவித்தையால் அசுத்தம் ஏற்றிக் காணப்படுகிறது என்று அத்வைதிகள் கூறுவர். சைவ சித்தாந்தம் மாத்திரம், கன்மமும் மாயையும் இடையில் வந்தவை, ஆணவமோ சகஜம், அனாதி, நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும்போல என்று துணிந்து சொல்லும். வியப்பு என்னவெனில், பௌத்தரின் தம்மபதத்திலேயே, மலம் என்று பெயரிட்ட அத்தியாயத்தில், இரும்பிலிருந்தே தோன்றும் துரு அந்த இரும்பையே தின்பதுபோல் தான் செய்த வினை தன்னையே கெடுக்கும் என்ற கருத்து வருகிறது. விருந்தாளி என்று ஓரிடத்தில் சொன்ன அழுக்கை, மற்றோரிடத்தில் வீட்டுக்குள்ளேயே பிறந்ததாகச் சொல்ல நேர்ந்தது இரும்பின் சாட்சியால்.

டிங்கர் பெரியவரிடம் இதைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. தண்ணீர் பட்ட இரும்பு துருப்பிடிப்பதுபோல் மனிதனுடைய கல்பு என்னும் இதயமும் துருப்பிடிக்கும் என்றும், மௌத்து என்னும் மரணத்தை நினைப்பதும் குர்ஆன் ஓதுவதும் அதற்கு மெருகு என்றும் நபிகள் நாயகம் சொன்னதாகப் பள்ளிவாசல் பயானில் கேட்டிருப்பதாகச் சொன்னார். "பிறக்கும்போது எல்லாப் பிள்ளையும் சுத்தம்தான் சார். துரு நாமளா சம்பாதிக்கிறது" என்பது அவர் முடிவு. நான் பின்பு தேடிப் படித்தபோது, மனிதர் செய்துவந்தவையே அவர்களுடைய இதயங்களின்மேல் கறையாகப் படிந்தன என்னும் கருத்து, குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தில், நிறையிலும் அளவையிலும் குறைத்துக் கொடுப்போரைக் கண்டிப்பதற்காகவே அமைந்த அத்தியாயத்தில் வருவதைக் கண்டேன். இதயத்தின் துருவைப் பற்றிப் பேசும் வேதவாக்கு, தராசுத் தட்டைப் பற்றிய பேச்சிலிருந்து தொடங்குகிறது என்பது, தோலை எண்ணியும் நிறுத்தும் விற்று வாழும் ஊர்க்காரனான என் உள்ளத்தில் ஆழத் தைத்தது.

ஆயினும் அவருடைய முடிவை நான் முழுதும் ஏற்க முடியவில்லை. காரணம் இரும்பிடமே இருக்கிறது. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறையில் இரும்பு உண்டு. அந்த மலையில் எவரும் பளபளக்கும் இரும்பை எடுத்ததில்லை. பிராணவாயுவோடு பிணைந்த கருங்கல்லாகத்தான் அது கிடைக்கிறது. கொடுமணலிலும் இன்னும் பல ஊர்களிலும் அகழ்ந்தெடுத்த பழைய உலைகளின் சான்று காட்டுவதும் இதுவே: கல்லைக் கரியோடு சேர்த்து, துருத்தியால் ஊதி, தணல் வெள்ளையாகும்வரை எரித்தால்தான் பிராணவாயு கரியைப் பற்றிக்கொண்டு நீங்கி, உலோகம் வெளிப்படும். அதாவது நாம் தூய இரும்பு என்று மதிப்பது உலையின் பரிசு. துரு, அந்த இரும்பு தான் வந்த நிலைக்குத் திரும்பிச் செல்லும் வழி. நெருப்பு ஒருமுறை மேட்டில் ஏற்றிவைத்ததை, நீரும் காற்றும் நாள்தோறும் சிறிது சிறிதாக இறக்குகின்றன. தூய்மை தொடக்கத்தில் இருந்து பின்பு இழந்தது என்று எண்ணும் வழக்கத்துக்கு இரும்பு இடம் தருவதில்லை. அதற்குக் கட்டு அனாதி. விடுதலை, வெளியிலிருந்து வந்த ஒரு வெம்மையால் பெற்ற பேறு.

அத்வைத நெறியில் நிற்கும் என் நண்பர் ஒருவர் இதற்கு ஓர் ஆட்சேபம் சொன்னார். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. துருவிலும் கல்லிலும் உள்ள இரும்பணு இரும்பணுவாகவே இருக்கிறது, பிராணவாயுவோடு சேர்ந்ததால் அதன் சொரூபம் சிறிதும் மாறவில்லை, ஆகவேதான் உலையில் அதை மீட்க முடிகிறது, இல்லாததை எந்த நெருப்பும் உண்டாக்காது என்றார். உண்மைதான். இரும்பு துருவுக்குள்ளும் இரும்பாகவே இருக்கிறது. உயிர் கட்டுண்டபோதும் உயிரே என்று சித்தாந்தியும் ஒப்புகிறான். ஆனால் என் கைக்கு உதிர்ந்துவந்த அந்தத் தரைத்தகட்டிலும் இரும்பணுக்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அதன்மேல் ஒரு குழந்தையைக்கூட நிற்க வைக்க முடியாது. சத்தாக இருப்பது வேறு, சக்தியாக வெளிப்படுவது வேறு. வண்டியும் வாழ்வும் இரண்டாவதன்மேல்தான் நிற்கின்றன. சொரூபம் கெடவில்லை என்ற ஆறுதல், அடி பெயர்ந்துபோன வண்டிக்குப் போதுமான ஆறுதலாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் நான் பார்த்தாக வேண்டும். ஏனெனில் அனாதி மலம் என்ற கொள்கை தவறானவர் கையில் ஒரு சாக்காகிவிடக் கூடும். துரு இரும்பின் இயற்கை என்றால், துருவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று சொல்லிவிடலாமல்லவா? பேரணாம்பட்டில் வாழ்பவன் அப்படிச் சொல்ல முடியாது. துருப்பிடிக்கும் இயல்பு இரும்பினுடையது. அதன்மேல் வடிந்த உப்பு எங்களுடையது. அதே உப்பு காருக்கு மட்டுமா வடிந்தது? தோல்களை ஊறவைத்து உப்பை அலசிய நீரும், பின்னாளில் குரோமியம் கலந்த பதனிடு நீரும், பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகைக்கும் அதன் கிளைகளுக்கும் வயல்களுக்கும் சென்றன. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பயிரிடத் தகுதியை முழுதுமோ பகுதியோ இழந்துவிட்டது என்னும் ஆய்வைக் குறிப்பிட்டு, கேடு வருமுன் காக்கும் கடமையையும், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நியதியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்து, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தொகையைவிட அந்த நியதி பெரிது. மண்ணுக்கு உப்பு அனாதி என்று அந்த நீதிமன்றத்தில் எவரும் வாதிட்டிருக்க முடியாது. அது வந்தது, கொண்டுவந்தவர் இன்னார் என்றும் சொல்ல முடியும். அந்த வாணிகத்தில் உண்டு வளர்ந்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று என்பதால் இதை நான் தயங்காமல் எழுதுகிறேன்.

சித்தாந்திகள் ஒரே மலம் என்று சொல்லி நிறுத்தாமல், ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகப் பிரித்ததன் அருமை எனக்கு இவ்விடத்தில்தான் முழுதும் புலனாயிற்று. முதலாவது என் செயலன்று. அதற்காக நான் குற்றவாளியல்லன், நோயாளி. இரண்டாவது என் செயல். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். டிங்கர் பெரியவர், துரு நாமாகச் சம்பாதிப்பது என்று சொன்னபோது இந்த இரண்டாவதைத்தான் சொன்னார். அவ்வளவில் அவர் சொன்னது முற்றும் சரி.

இனி, சிகிச்சைக்கு வருகிறேன். துரு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ஏடு ஏடாய் உதிர்வதைக் கம்பிப் பிரஷாலும் உளியாலும் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்பைவிடப் பன்மடங்கு இடம் அடைத்து, பொருபொருத்து, நீரைப் பஞ்சுபோல் குடித்து வைத்திருக்கும் அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. செம்பின் களிம்புக்கும் இரும்பின் துருவுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே: களிம்பு செம்போடு இறுகப் படிந்து, கீழேயுள்ள செம்பை ஒருவாறு காத்து நிற்கிறது, துரு தானும் நிற்காமல் கீழிருப்பதையும் நிற்கவிடாது. நம் ஆசாரியர்கள் செம்பை எடுத்துக்கொண்டது ரசகுளிகையால் செம்பு பொன்னாகும் என்ற ரசவாதக் கொள்கையை ஒட்டி. உயிரின் அவசரத்தைக் காட்ட இரும்பே இன்னும் பொருத்தமான உவமை என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசி நுழையுமளவு ஓட்டை விழுந்த இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, நல்ல தகடு தொடங்கும் எல்லைவரை வெட்டி, புதுத்தகட்டை அளவாக மடித்துப் பற்றவைத்தோம். வெட்டும்போது கை தயங்கும்; இன்னும் சிறிது விட்டுவைக்கலாமே என்று தோன்றும். பெரியவர் ஒவ்வொரு முறையும் நான் கோடு கிழித்த இடத்துக்கு இரண்டு விரற்கடை அப்பால் தம் கோட்டைக் கிழித்தார்.

எஞ்சியது, சுரண்டியும் போகாமல் தகட்டின் நுண்குழிகளில் செம்பழுப்பாகத் தங்கியிருந்த மெல்லிய துரு. இதற்குத்தான் எங்கள் ஊரின் பழைய தொழிலே ஒரு மருந்தை வைத்திருந்தது. குரோமியம் வருமுன் இப்பக்கத்துத் தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்டன. அத்துவர்ச் சரக்குகளில் உள்ள டானின் என்னும் பொருள், தோலை அழுகாத பொருளாக மாற்றுவது போலவே, துருவோடு கூடினால் அதை நீலக்கறுப்பான, நிலைத்த வேறொரு பொருளாக மாற்றிவிடும். தோல் தொட்டியில் இரும்பு படக்கூடாது, பட்டால் தோல் கறுத்துவிடும் என்பது தொழிலாளருக்கெல்லாம் தெரிந்த பழைய எச்சரிக்கை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கணக்கர்கள் மை காய்ச்சியதும் இதே விதியால். இன்று கடையில் புட்டியில் விற்கும் துருமாற்றி மருந்துகள் பலவற்றில் டானிக் அமிலமே மூலம். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைப் பேணுவோரும் அதைக் கையாளுகின்றனர். இத்துவர் மருந்தைப் பூசிய சிறிது நேரத்தில் செந்நிறம் மாறி மைநிறம் படர்ந்துகொண்டே போவதை விளக்கை அருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் உருப்போட்ட வேறொரு சித்தாந்த வாக்கியத்தின் பொருள் கண்ணெதிரே விரிந்தது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அது நித்தியப் பொருள், அதன் சக்தி மாத்திரமே அடங்குகிறது என்பது சித்தாந்தம். முத்தி பெற்றும் மலம் இருக்கிறது என்றால் அது என்ன முத்தி என்று இதைப் பரிகசித்தோர் உண்டு. மாணவப் பருவத்தில் எனக்கும் அது ஒரு சமாதானமாகவே பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. துரு போகவில்லை, தின்னும் தொழிலை விட்டுவிட்டது. ஆம்பூரிலுள்ள லுத்தரன் சபையார் போற்றும் மார்ட்டின் லூத்தரும், நீதிமானாக்கப்பட்ட மனிதன் அதே வேளையில் பாவியாகவும் இருக்கிறான் என்று கற்பித்தார். வெகு தொலைவிலிருந்த இரண்டு மரபுகள் தம்மைப் பற்றி மிகையாக எண்ணிக்கொள்ளாத ஓர் இடத்தில் நெருங்கி வருகின்றன.

அதற்கு மேலே பூசும் ரெட் ஆக்சைடு என்னும் செங்காவிப் பூச்சின் நிறப்பொருளும் இரும்பின் ஆக்சைடே, துருவின் இனத்தைச் சேர்ந்ததே. துருவே காப்பாவதும் உண்டு: டில்லி மெஹ்ரோலியில் வெட்டவெளியில் நிற்கும், ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் கெடாமலிருக்கக் காரணம் அது துருப்பிடிக்காத இரும்பு என்பதன்று, கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டியபடி, அவ்விரும்பிலுள்ள மிகுதியான பாஸ்பரஸின் துணையால், மேலே படிந்த துருவே மெல்லிய, இறுகிய காப்புப் படலமாக அமைந்துவிட்டது.

வேலை முழுவதிலும் எங்களால் தீர்க்க முடியாமல் நின்றது ஓர் இடம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த மடிப்பு ஓரங்கள் வண்டியின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. அந்த இடுக்கினுள் துரு இருக்கிறது என்பது வெளியே கசிந்த செங்கோட்டால் தெரியும். பிரஷோ உளியோ உப்புத்தாளோ அங்கே செல்லாது, துவர் மருந்தும் ஓரத்தில் நின்றுவிடும், பிரித்தால் வண்டியே பிரிந்துவிடும். மனித முயற்சி அங்கே முடிகிறது. அதற்குப் பெரியவர் சொன்ன உபாயம், மெழுகு கலந்த மெல்லிய எண்ணெயை மேல் விளிம்பில் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருப்பது. எண்ணெய் தானாக ஊர்ந்து உள்ளே போகும். தண்ணீர் போன வழியிலேதான் எண்ணெயும் போகணும், வேறே வழி கிடையாது என்றார் அவர். உயிரை மலத்தின் வழியே நின்று மறைத்து நடத்தும் திரோதான சக்தியும், பின்பு விளக்கி ஆட்கொள்ளும் அருட்சக்தியும் இரண்டல்ல, மலம் பரிபாகப்பட்டபோது முன்னதே பின்னதாக விளங்குகிறது என்று ஆசாரியர்கள் கூறியதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மறைத்த வழியே விளங்கும் வழியாவது எங்ஙனம் என்பது எனக்கு அதுவரை எட்டாமலே இருந்தது.

பரிபாகத்துக்கும் பெரியவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஐப்பசி கார்த்திகை மழையில் இடுக்கு நனைந்திருக்கும்போது எண்ணெய் விட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் தகடு உள்வரை உலர்ந்து, தொட்டால் சுடும் அளவுக்கு வரவேண்டும். அப்போதுதான் எண்ணெயும் இளகி ஓடும் என்று சொல்லி, அக்கினி நட்சத்திரம் பிறக்கும்வரை என்னைக் காத்திருக்கச் செய்தார். வேலூர்ப் பக்கத்து வெயிலை நான் அந்த ஆண்டு குறைசொல்லவில்லை. மே மாதத்தில், நண்பகல் கடந்து, இருவரும் மாறி மாறி எண்ணெய் விட்டோம். மறுபுறத்து விளிம்பில் அது கசிந்து வெளிப்பட்ட இடங்களைப் பெரியவர் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தார். டிக்கியின் கீழே, தோல்கள் இருந்த பக்கத்தில், சில இடங்களில் அன்று முழுவதும் ஒன்றும் கசியவில்லை. அவற்றுக்கு வேறு நிறச் சாக்பீஸால் ஒரு குறியிட்டு, அடுத்த கோடைக்கு என்று சொல்லி வைத்தார்.